பட்டம் இல்லாத வாத்தியார்கள்

போன வாரம் தம்பி வந்திருந்தான். வந்தவன் உட்காரக்கூட இல்லை. "அண்ணே, கொடிக்காலை ஒத்திக்கு விட்டுருவமா?"ன்னு கேட்டான்.

பட்டணத்துல இருக்குறவங்களுக்கு வீட்டு ஒத்தி தெரிஞ்சிருக்கும். நிலத்துக்கும் அதே கணக்குதான். பணத்தை மொத்தமா வாங்கிக்கிட்டு நிலத்தை ஒப்படைச்சுறணும். பணத்தைத் திருப்பிக் கொடுக்குற வரைக்கும் வெள்ளாமை அவங்களுக்கு. வட்டி கிடையாது. எங்க கொடிக்கால் 40 சென்ட். சோழவந்தான் பக்கத்து வெத்தலைக்கு நல்ல பேரு உண்டு, அந்த மண்ணுதான். கூட்டுப் பட்டா. என் பேரு, தம்பி பேரு, அம்மா பேரு மூணும் அதுல இருக்கு.

எதுக்குடா பணம்னு கேட்டா, மகளை பி.எட். சேர்க்கணுமாம்.

தம்பி மக கணக்கு எடுத்து பி.எஸ்சி. முடிச்ச பொண்ணு. கொரோனாவுல பள்ளிக்கூடமெல்லாம் பூட்டிக் கிடந்து, பிள்ளைங்க படிச்சதையும் மறந்துபோயிருந்த நேரத்துல 'இல்லம் தேடிக் கல்வி' வந்துச்சு இல்லையா, அதுல தன்னார்வலரா சேர்ந்துச்சு. 2021 அக்டோபர் 27-ல மரக்காணம் பக்கம் முதலமைச்சர் தொடங்கி வச்ச திட்டம் அது. முதல்ல எடுத்துக்கிட்ட 12 மாவட்டங்கள்ல மதுரையும் ஒண்ணு. ஒண்ணாப்பு முதல் அஞ்சாப்பு வரைக்கும் சொல்லிக்கொடுக்க பிளஸ் டூ போதும், ஆறு முதல் எட்டு வரைக்கும் ஒரு டிகிரி வேணும். பி.எட். கேட்கலை. சாயங்காலம் ஒண்ணு, ஒண்ணரை மணி நேரம். மாசம் 1000 ரூபா ஊக்கத்தொகை. மார்கழியில எங்க பக்கம் ஒரு கிலோ மல்லி அந்த 1000 ரூபாயைத் தாண்டி விக்கும்.

எங்க வீட்டுத் திண்ணையிலதான் வகுப்பு நடந்துச்சு. கழித்தல்ல கடன் வாங்குறது பிடிபடாத பயலுக்கு வெத்தலைக் கவுளியை எடுத்துப் பிரிச்சுக் காட்டும். ஆரம்பத்துல 'அக்கா'ன்னு கூப்பிட்ட பிள்ளைங்க ரெண்டே மாசத்துல 'மிஸ்'ஸுன்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. அதுக்கப்புறம் ஒரு தனியார் பள்ளிக்கூடத்துல வேலை இருக்குன்னு போச்சு. விண்ணப்பத்துல 'அனுபவம்'னு ஒரு கட்டம். திண்ணையில சொல்லிக்கொடுத்ததை எழுதியிருக்கு. உள்ளே இருந்தவர் அதை அடிச்சுட்டு, "இதெல்லாம் கணக்குல வராதும்மா, பி.எட். எங்க?"ன்னு கேட்டிருக்கார். சம்பளத்தைப் பாதியாச் சொல்லியிருக்கார்.

"அப்போ நான் அங்க பண்ணுனதுக்குப் பேரு என்ன பெரியப்பா?"ன்னு என்கிட்ட வந்து கேட்டுச்சு. எனக்குப் பட்டுன்னு பதில் வரலை. ஏன்னா அந்தக் கேள்வியை நானும் முப்பது வருசத்துக்கு முன்னால கேட்டிருக்கேன். அதைப் பிறகு சொல்றேன். முதல்ல பழைய கதை. கிளை நூலகத்துல எடுத்ததும், தெரிஞ்ச வாத்தியார் ஒருத்தர் கொடுத்ததுமா, நான் இது சம்பந்தமா வாசிச்சது கொஞ்சம் உண்டு.

எங்க வீட்டுத் திண்ணையில தம்பி மக பண்ணுன வேலை புதுசு கிடையாது. 'திண்ணைப் பள்ளிக்கூடம்'னு பேரே அதுலதான் வந்திருக்கு. மணல்ல விரலை வச்சு அ, ஆ. அப்புறம் ஓலை, எழுத்தாணி. ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி எல்லாம் மனப்பாடம். எண்சுவடியும் குழிமாற்றும் தலைகீழா வரணும். முந்திரின்னா 320-ல ஒரு பங்கு, காணின்னா 80-ல ஒரு பங்கு, மான்னா 20-ல ஒரு பங்கு. நிலம் அளக்க, நெல் அளக்க, வட்டி பார்க்க என்ன வேணுமோ அதைச் சொல்லிக்கொடுத்தாங்க. அந்த வாத்தியாரைப் பார்த்து யாரும் சான்றிதழ் கேட்கலை. ஊருக்கு அவர் சொல்லிக்கொடுக்குறது பிடிச்சா நெல்லும் காசும் வரும், பிடிக்கலைன்னா அடுத்த ஊருக்கு மூட்டையைக் கட்டணும்.

1822 ஜூன் மாசம் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ ஒரு உத்தரவு போட்டாரு. ஒவ்வொரு கலெக்டரும் தன் ஜில்லாவுல எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைங்கன்னு எண்ணி அனுப்பணும். காந்தியவாதி தரம்பால் 1983-ல கொண்டுவந்த புத்தகத்துல அந்தக் கலெக்டர்களோட கடுதாசி எல்லாம் இருக்கு. அதன்படி அன்னைய மதுரை ஜில்லாவுல 844 பள்ளிக்கூடம். ஜனத்தொகை ஏழே முக்கால் லட்சத்துக்கு மேல. அதாவது சுமார் 930 பேருக்கு ஒரு பள்ளிக்கூடம். மாகாணம் முழுக்கச் சேர்த்தா 12,498. இதுல பி.எட். வாத்தியார் எத்தனை பேருன்னு கேட்டீங்கன்னா சிரிப்புத்தான் வரும். அப்படி ஒரு படிப்பே அப்போ பொறக்கலை.

அதுக்காக அது பொற்காலம்னு நான் சொல்ல வரலை. இந்தக் கணக்கைக் காட்டி அப்படிப் பேசுறவங்களை நிறையப் பார்த்தாச்சு. மாகாணம் பூராவும் படிச்ச 1,88,650 பிள்ளைங்கள்ல பொண்ணுங்க 4,540 பேருதான். எங்க ஊரு மாதிரி ஊருகள்ல யாரு திண்ணையில உட்கார்ந்திருப்பாங்க, யாரு அந்தத் தெருப்பக்கமே வந்திருக்க முடியாதுன்னு நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியணும்னு இல்லை. கோதண்டம்னு ஒரு தண்டனை வேற. உத்திரத்துல கயித்தைக் கட்டிப் பிள்ளையைத் தொங்க விடுறது. பயிற்சி இல்லாத வாத்தியார் கையில பிரம்பு மட்டும் இருந்தா என்ன ஆகும்ங்கிறதுக்கு அதுவே போதும்.

மன்றோ 1826-ல எழுதுன குறிப்புல ஒரு நியாயமான பேச்சு இருக்கு. வாத்தியார்கள் பெரும்பாலும் மாசம் ஆறு, ஏழு ரூபாய்க்கு மேல சம்பாதிக்கிறதில்லை, இந்தக் காசுக்குத் தகுதியான ஆளு எப்படி வருவான்னு கேட்கிறார். ஒவ்வொரு கலெக்டர் ஜில்லாவுலயும் ரெண்டு பள்ளி, தாசில்தார் ஊர்கள்ல ஒரு பள்ளி வைக்கணும், முன்னதுல மாசம் 15 ரூபா, பின்னதுல 9 ரூபா சம்பளம், வாத்தியார்களைத் தயார் பண்ண சென்னையில ஒரு பள்ளி, இப்படித் திட்டம் போட்டார். மறு வருசமே காலரா வந்து செத்துப்போனார். தாசில்தார் பள்ளிகள் பத்து வருசத்துல மூடப்பட்டன.

இதுக்கெல்லாம் முன்னால ஒரு கூத்து நடந்திருக்கு. 1789-ல எழும்பூர்ல வெள்ளைக்கார சிப்பாய்களோட அநாதைப் பையன்களுக்காக ஒரு விடுதிப் பள்ளி இருந்துச்சு. அதைக் கவனிச்ச பாதிரியார் ஆண்ட்ரூ பெல். ஒரு நாள் நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க மணல்ல எழுதுறதைப் பார்த்துட்டு, தன் பள்ளி வாத்தியார்களை அதே மாதிரி சொல்லிக்கொடுக்கச் சொன்னார். அவங்களுக்கு அது சரிப்பட்டு வரலை, இது ஆகாதுன்னுட்டாங்க. பெல் என்ன பண்ணினார்? ஜான் ஃபிரிஸ்கன்னு ஒரு 8 வயசுப் பையனைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு நீ சொல்லிக்கொடுன்னு விட்டுட்டார். பையன் ஜோராச் சொல்லிக்கொடுத்துட்டான். நம்ம ஊர்ல சட்டாம்பிள்ளைன்னு ஒருத்தன் பண்ணிக்கிட்டு இருந்த வேலைதான் அது. பெல் ஊருக்குத் திரும்பிப் போய் 1797-ல இதைப் புத்தகமாப் போட்டார். 'மெட்ராஸ் முறை'ன்னு பேரு. இங்கிலாந்துல ஏழைப் பிள்ளைங்க பள்ளிக்கூடங்கள்ல அது பரவுச்சு. குறைஞ்ச செலவுல நிறையப் பேருக்குச் சொல்லிக்கொடுக்கலாம்ங்கிறதுதான் அவங்களைப் பிடிச்சு இழுத்த விஷயம். இந்தச் 'குறைஞ்ச செலவு'ங்கிற வார்த்தையை ஞாபகத்துல வச்சுக்குங்க. அது மறுபடி மறுபடி வரும்.

பயிற்சி, சான்றிதழ் எல்லாம் மெதுவாத்தான் வந்துச்சு. எங்க பக்கத்துல அமெரிக்க மிஷன்காரங்க 1842-ல திருமங்கலத்துல ஒரு செமினரி தொடங்கி, 1845-ல அதைப் பசுமலைக்கு மாத்தினாங்க. உபதேசியாரும் பள்ளிக்கூட வாத்தியாரும் அங்க தயாரானாங்க. அதுதான் பின்னாடி அமெரிக்கன் கல்லூரியா வளர்ந்துச்சு. அரசாங்கம் 1856-ல சென்னையில நார்மல் ஸ்கூல் திறந்துச்சு. பின்னாடி சைதாப்பேட்டை டீச்சர்ஸ் காலேஜா ஆனது அதுதான். 1854-ல வந்த உட்டு துரையோட அறிக்கைக்கு அப்புறம், பள்ளிக்கூடத்துக்கு மானியம் வேணும்னா ஆய்வாளர் வரணும், வாத்தியாருக்கும் ஒரு தகுதி வேணும்னு ஆச்சு. திண்ணை வாத்தியார் கொஞ்சங்கொஞ்சமா மறைஞ்சார்.

ஆனா தமிழ் வாத்தியாருக்கு மட்டும் வேற ஒரு வாசல் திறந்திருந்துச்சு. 1901-ல பாண்டித்துரைத் தேவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கினார். பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம்னு மூணு பரீட்சை அவங்க நடத்தினாங்க. காலேஜ் வாசலை மிதிக்காத ஆளும் அதுல தேறிட்டா தமிழ்ப் பண்டிதர்னு பள்ளிக்கூடத்துல நிக்கலாம்.

எங்க சோழவந்தான்காரர் அரசஞ் சண்முகனார் அந்தக் காலத்துப் பெரிய தமிழ்ப் புலவர். மதுரை சேதுபதி பள்ளியில தமிழ் ஆசிரியரா இருந்தவர். 1904-ல அவர் லீவுல போக, அந்த இடத்துக்குத் தற்காலிகமா ஒரு 21 வயசு இளந்தாரி வந்தார். எட்டயபுரத்துலருந்து வந்தவர். காசியில போய் நுழைவுப் பரீட்சை தேறினதோட சரி, பட்டமும் கிடையாது, வாத்தியார் பயிற்சியும் கிடையாது. சம்பளம் 17 ரூபா 8 அணா. ஆகஸ்ட் 1-ல சேர்ந்து நவம்பர் 10-ல வேலை முடிஞ்சுபோச்சு. அப்புறம் சென்னைக்குப் போய் சுதேசமித்திரன்ல உதவி ஆசிரியரானார். யாருன்னு இந்நேரம் கண்டுபிடிச்சிருப்பீங்க. வடக்கு வெளி வீதியில அந்தப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால பாரதியார் சிலை இருக்கு. பூ மார்க்கெட்டுக்குப் போயிட்டுத் திரும்பும்போது எத்தனையோ தடவை அந்த வழியா வந்திருக்கேன். தற்காலிக ஆசிரியருக்குச் சிலை வச்ச ஊரு எங்க ஊரு. அவர் பாரதியார் ஆனதாலதான் வச்சாங்க, தற்காலிக ஆசிரியரா இருந்ததுக்கு வைக்கலை, அது எனக்கும் தெரியும்.

எங்க குடும்பத்துலயும் ஒரு வாத்தியார் உண்டு. அப்பாவோட சித்தப்பா, எங்களுக்குச் சின்னத் தாத்தா. எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சுட்டு மாடு மேய்ச்சுக்கிட்டு இருந்தவர். 1953 வாக்குல படிச்சவங்களோட வேலையில்லாத் திண்டாட்டத்தைக் குறைக்க மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்துச்சு. கிராமங்கள்ல ஓராசிரியர் பள்ளி திறந்து, படிச்சுட்டுச் சும்மா இருக்குறவங்களை வாத்தியாராப் போடுறது. 1954 ஏப்ரல்ல காமராசர் முதலமைச்சரானதும், கல்வித்துறைக்கு நெ.து. சுந்தரவடிவேலு வந்ததும், பள்ளிக்கூடம் இல்லாத ஊர்களாத் தேடித்தேடித் திறந்தாங்க. அம்புட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் பயிற்சி பெற்ற வாத்தியாருக்கு எங்க போறது? பயிற்சி இல்லாதவங்களை முதல்ல நிறுத்திட்டு, பிறகு பயிற்சிக்கு அனுப்பினாங்க.

சின்னத் தாத்தா அப்படிப் போனவர்தான். முதல் ரெண்டு வருசம் ஒரு மாட்டுக் கொட்டத்துல பள்ளிக்கூடம். பிள்ளைகளை என்ன பண்றதுன்னே தெரியலைய்யா, எனக்குத் தெரிஞ்சதெல்லாம் எங்க வாத்தியார் என்னை அடிச்சதுதான், நானும் அடிச்சேன்னு சொல்லுவார். பயிற்சிக்குப் போய் வந்த பிறகுதான் அடியை விட்டாராம். ஒரு பிள்ளைக்கு ஏன் புரியலைன்னு யோசிக்கணும்ங்கிறதையே அங்கதான் கேள்விப்பட்டேன்னு சொன்னார். பயிற்சியெல்லாம் சும்மா, பேப்பருன்னு யாராவது பேசினா எனக்குச் சின்னத் தாத்தாதான் ஞாபகம் வருவார். ஒரு விஷயத்தையும் கவனிக்கணும். அவருக்குப் பயிற்சிக்காக யாரும் நிலத்தை ஒத்திக்கு விடலை.

இனி என் கதை. 1987-ல பிளஸ் டூ முடிச்சேன். ஆசிரியர் பயிற்சிக்குப் போக ஆசை. அரசாங்கப் பயிற்சி நிறுவனத்துல இடம் கிடைக்கலை. தனியார்ல கேட்ட பணத்துக்கு அப்பாவால முடியலை. ஏர் பிடிச்சேன்.

தொண்ணூறுகளோட தொடக்கத்துல அறிவொளி இயக்கம் வந்துச்சு. 1990 பிப்ரவரியில கேரளாவுல எர்ணாகுளம் ஜில்லா முழு எழுத்தறிவு பெற்றதா அறிவிச்ச சூட்டோட தமிழ்நாட்டுக்கும் வந்துச்சு. புதுக்கோட்டையில பொம்பளைங்க சைக்கிள் ஓட்டப் பழகுனதெல்லாம் அப்போதான். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரங்களும் பள்ளிக்கூட வாத்தியார்களும் ஊருக்கு வந்து, யாரெல்லாம் தொண்டரா வர்றீங்கன்னு கேட்டாங்க. ரெண்டு நாள் பயிற்சி. சம்பளம் கிடையாது. ஒரு போர்டு, சாக்பீஸ், புத்தகம். நான் கையைத் தூக்கிட்டேன். வாத்தியாராகணும்னு இருந்த ஆசைதான், வேற பெரிய லட்சியமெல்லாம் இல்லை.

ராத்திரி எட்டு மணிக்கு மேல சாவடியில வகுப்பு. நடவு நட்டுட்டு, அடுப்பு வேலையை முடிச்சுட்டு வர்ற பொம்பளைங்க. பலப்பத்தைக் கதிர் அரிவா மாதிரி இறுக்கிப் பிடிப்பாங்க, பொசுக்குன்னு ஒடிஞ்சுரும். அ, ஆ-ன்னு தொடங்குறதில்லை. ட, ப மாதிரி நேர்கோட்டு எழுத்துலருந்து தொடங்கணும். முதல் பாடத்துச் சொல்லு 'பட்டா'. எழுத வராதவங்களுக்கும் பட்டான்னா என்னன்னு தெரியும். டிரங்குப் பெட்டிக்கு அடியில, பழைய சேலைக்குள்ள சுத்தி வச்சிருக்குற காகிதம். அந்தச் சொல்லைப் போர்டுல எழுதிட்டு, இதைப் பத்திப் பேசுங்கன்னு விட்டுறணும். அதுதான் பயிற்சியில சொன்னது.

முதல் ரெண்டு மாசம் நல்லாத்தான் போச்சு. பிறகுதான் எனக்கு உறைச்சுச்சு, காலனித் தெருவுலருந்து ஒருத்தர்கூட வரலைன்னு. சாவடிக்கு அவங்க எப்படி வருவாங்க? அந்த ஊருலயே பொறந்து வளர்ந்தவனுக்கு இது தெரிய ரெண்டு மாசம் ஆச்சு. போர்டைத் தூக்கிக்கிட்டு வாரத்துல மூணு நாள் அந்தத் தெரு விளக்குக் கம்பத்தடிக்குப் போனேன். ஊருக்குள்ள சிலபேரு பேச்சை நிறுத்தினாங்க. அங்கேயும் 'பட்டா'ன்னு எழுதினேன். ஒரு அம்மா கேட்டுச்சு: "எங்களுக்கு எதுக்குய்யா பட்டா? நெலமா இருக்கு?" போர்டைப் பார்த்துக்கிட்டே நின்னேன். அன்னைக்கு ராத்திரி எழுத்தே நடக்கலை. யாரு வயல்ல யாரு எவ்வளவு கூலி, எந்த நிலம் முன்னால யாருகிட்ட இருந்துச்சுன்னு பேச்சு பதினொரு மணி வரைக்கும் ஓடுச்சு. நான் கத்துக்கிட்டுத் திரும்பினேன்.

சாவடி வகுப்புல எங்க அம்மாவும் இருந்தாங்க. மகன்கிட்டப் படிக்கிறோம்னு வெட்கம். தப்பா எழுதினா முந்தானையால பலகையை அழிச்சுட்டு, "நீ அங்கிட்டுப் பாருய்யா"ன்னு சொல்லுவாங்க. ஆறு மாசத்துல கையெழுத்துப் போட வந்துச்சு. பஸ்ஸுல பேரு படிக்க வந்துச்சு.

அப்புறம் இயக்கம் அடங்கிருச்சு. போர்டு எங்க வீட்டுக் கோழிக்கூண்டுக்கு மூடியாச்சு. ரெண்டு வருசம் கழிச்சு ஒரு அலுவலகத்துல தற்காலிக வேலைக்குப் போனப்போ, அறிவொளித் தொண்டர்னு கொடுத்த தாளைக் காட்டினேன். அங்க இருந்தவர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கலை. அப்போதான் தம்பி மக இப்போ கேட்ட அதே கேள்வியை நான் கேட்டது.

இன்னைக்கு நிலைமை இன்னும் இறுகிப்போச்சு. கல்வி உரிமைச் சட்டத்துக்குப் பிறகு 2010 ஆகஸ்ட்ல வந்த அறிவிப்புப்படி ஒண்ணு முதல் எட்டு வரைக்கும் பாடம் நடத்த பயிற்சிப் படிப்போட 'டெட்' தகுதித் தேர்வும் தேறணும். தமிழ்நாட்டுல 2012 ஜூலையில நடந்த முதல் தேர்வை ஆறு லட்சம் பேருக்கு மேல எழுதி, தேறினது 2,448 பேரு. 2025 செப்டம்பர் 1-ல வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, பல வருசமா வேலையில இருக்குற, ஓய்வுக்கு அஞ்சு வருசத்துக்கு மேல இருக்குற வாத்தியார்களும் இதைத் தேறியாகணும்னு சொல்லிருச்சு. பி.எட்.டும் முன்னால மாதிரி ஒரு வருசம் இல்லை, 2015-லருந்து ரெண்டு வருசம்.

இதுல தப்பு இருக்குன்னு நான் சொல்லமாட்டேன். என் பேரனுக்குச் சொல்லிக்கொடுக்குறவர் முறையாப் படிச்சவரா இருக்கணும்னுதான் நானும் நினைப்பேன். எனக்கு உறுத்துறது வேற. அவசரம்னு வந்தா 'வாங்க, உங்களுக்குத் தெரிஞ்சது போதும்'னு கூப்பிடுறாங்க. குறைஞ்ச செலவுல வேலை முடியுது. வேலை முடிஞ்ச பிறகு அதே ஆளுகிட்ட 'உனக்கு என்ன தகுதி?'ன்னு கேட்கிறாங்க. சின்னத் தாத்தாவை முதல்ல கூப்பிட்டாங்க, பிறகு அவங்களே பயிற்சியும் கொடுத்தாங்க. அந்த ரெண்டாவது பாதியை எனக்கும் யாரும் செய்யலை, தம்பி மகளுக்கும் செய்யலை. சாயங்காலம் சாயங்காலம் பிள்ளைகளோட மல்லுக்கட்டுன பொண்ணுக்கு அந்தப் படிப்புல ஒரு ஆறு மாசத்தையாவது கழிச்சுக் கொடுத்தா என்ன குறைஞ்சுபோகும்?

தம்பிகிட்ட சரின்னு சொல்லிட்டேன். மூணு வருச ஒத்தி. பக்கத்துக் கொடிக்கால்காரரே எடுத்துக்கிறார், கொடியைக் கெடுக்கமாட்டார். "வேண்டாம் பெரியப்பா, வேற வேலை பார்க்குறேன்"னு பொண்ணு ரெண்டு தடவை சொல்லிப் பார்த்துச்சு. அம்மாதான் அதட்டினாங்க.

வெள்ளிக்கிழமை பத்திரம் எழுதுறோம். மூணு பேரும் கையெழுத்துப் போடணும். அம்மாவுக்கு இப்போ எண்பதைத் தொட்டாச்சு, கை நடுங்குது. "ரேகை வச்சாப் போதும் அப்பத்தா"ன்னு பொண்ணு சொன்னதுக்கு, காதுலயே விழாத மாதிரி இருந்துட்டாங்க. ரெண்டு நாளா, கிழிச்ச காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, அதுல பேரை எழுதி எழுதிப் பார்த்துக்கிட்டு இருக்காங்க. நான் பக்கத்துல போனா மட்டும் தாளை மடிச்சுறாங்க.